அரசு மருந்து கம்பெனிக்கு முழு மதிப்பெண் வருகிறது, எங்கே தப்பு? (அவசரம்)

அரைகுறை ஆய்வாளன் | இரவு 11:48
வியாழக்கிழமை கைடிடம் காட்ட வேண்டும், யாராவது உதவுங்கள். இந்திய மருந்துத் தயாரிப்பு நிறுவனங்களில் உரிமை வகை (அரசு, உள்நாட்டுத் தனியார், வெளிநாட்டு) செயல்திறனை மாற்றுகிறதா என்பது தலைப்பு. டிஇஏ (உள்ளீடு, வெளியீட்டை வைத்துக் கம்பெனிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு 1 வரை மார்க் போடும் முறை) ஓட்டி, வந்த ஸ்கோரை டோபிட்டில் (எல்லையில் முட்டி நிற்கும் மதிப்புகளுக்கான ரிக்ரெஷன்) போட்டேன். வெளிநாட்டு டம்மி (அந்த வகையா இல்லையா என்ற 1/0 குறி) ரொம்பப் பெரிதாக வருகிறது. அதைவிட மோசம், அரசு டம்மி ப்ளஸ், அதாவது தனியாரைவிட அரசு கம்பெனி திறமையாம்! இதைக் கொண்டுபோனால் சிரிப்பார். கோடில் தப்பு இல்லை, மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

புள்ளிராஜா
எந்த வருடங்கள்? எத்தனை கம்பெனி? உள்ளீடு என்ன, வெளியீடு என்ன? சிஆர்எஸ்ஸா (கம்பெனி அளவு மாறினாலும் உள்ளீடு-வெளியீடு விகிதம் மாறாது என்று கொள்வது), விஆர்எஸ்ஸா (மாறும் என்று கொள்வது)? இதெல்லாம் சொல்லாமல் தப்பு எங்கே என்றால் ஜோசியம்தான் பார்க்கணும்.

மூலச்சூத்திரம்
2007இல் சிமாரும் வில்சனும் எழுதிய கட்டுரைக்குப் பிறகும் டிஇஏ ஸ்கோரை டோபிட்டில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது ஆச்சரியம்தான். ஒரு கம்பெனியின் ஸ்கோர் மற்ற கம்பெனிகளை வைத்துத்தான் வருகிறது, எனவே அவை ஒன்றையொன்று சாராதவை அல்ல. 1இல் குவிவதும் சென்சாரிங்கால் (உண்மை மதிப்பு எல்லைக்கு அப்பால் மறைந்திருப்பதால்) அல்ல, கணக்குப் போட்ட விதத்தால். ட்ரங்கேட்டட் ரிக்ரெஷன் (எல்லையில் வெட்டப்பட்ட தரவுக்கானது), பூட்ஸ்ட்ராப் (மாதிரியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பிழையை அளப்பது). தேடிப் படிக்கவும். அடிப்படை இல்லாமல் மேலே கட்டக்கூடாது.

புள்ளிராஜா
சரிதான் சார். ஆனால் பூட்ஸ்ட்ராப் போட்டால் நம்பிக்கை இடைவெளி சரியாகும், முதல் கட்ட ஸ்கோரே கோணலாக இருந்தால் அது நிமிராது. அவர் உள்ளீட்டைச் சொல்லட்டும்.

அரைகுறை ஆய்வாளன் | காலை 6:10
மன்னிக்கவும், தூங்கிவிட்டேன். பிரவஸ் (இந்திய கம்பெனிக் கணக்குகளின் தரவுத்தளம்) டேட்டா, 2001 முதல் 2015 வரை. உள்ளீடு: கச்சாப்பொருள், சம்பளம், நிகர நிலையான சொத்து. வெளியீடு: விற்பனை. விஆர்எஸ், உள்ளீட்டு நோக்கு (அதே விற்பனைக்கு உள்ளீட்டை எவ்வளவு குறைக்கலாம் என்று பார்ப்பது). அரசு கம்பெனி ஐந்து. அதில் இரண்டுக்கு வருடா வருடம் 1 வருகிறது.

ஓய்வுபெற்ற பாய்லர்
தம்பி, எனக்கு உங்கள் கணக்கு தெரியாது. ஒரு அரசு மருந்து ஆலையில் இருபது வருடம் இருந்தேன், பெயர் வேண்டாம். கடைசி வருடங்களில் லாரியே வராது. கச்சாப்பொருள் வாங்கப் பணம் இல்லை. சம்பளம் மட்டும் எப்படியோ வந்தது. அந்த வருடங்கள் உங்கள் ஷீட்டில் இருக்கின்றனவா?

புள்ளிராஜா
ஐயா, பிடித்துவிட்டீர்கள்! விஆர்எஸ்ஸில் ஏதாவது ஓர் உள்ளீட்டை எல்லாரையும்விடக் குறைவாகப் பயன்படுத்தும் கம்பெனிக்கு உள்ளீட்டு நோக்கில் 1 தானாக வரும். ஒப்பிட ஆளே இருக்காது. மூடிக்கிடக்கும் ஆலை "கச்சாப்பொருள் சிக்கனம்" என்று முழு மார்க் வாங்குகிறது. மத்திய அரசின் மருந்து கம்பெனியான ஐடிபிஎல் 1992லேயே நலிந்த தொழில் வாரியத்துக்குப் போன கம்பெனி. உங்கள் 15 வருடமும் அதற்குப் பிறகு. கச்சாப்பொருள் வரிசையை ஏறுவரிசையில் அடுக்கி, மேலே யார் நிற்கிறார் என்று முதலில் பாருங்கள்.

லோன் லைசன்ஸ்
வெளிநாட்டு டம்மிக்குப் பதில் என்னிடம் இருக்கிறது. பன்னாட்டு கம்பெனிகள் இங்கே நிறைய மாத்திரையைத் தாங்களே போடுவதில்லை. சிறு ஆலைகளில் போடவைத்து, தயார் சரக்காக வாங்கி, தங்கள் பெயரில் விற்பார்கள். அந்தச் செலவு "தயார் சரக்குக் கொள்முதல்" என்று தனி வரியில் இருக்கும். நீங்கள் எடுத்தது கச்சாப்பொருள் வரி மட்டும். அதாவது விற்பனை முழுதாக வருகிறது, செலவில் பாதி காணோம். செயல்திறன் பிய்த்துக்கொண்டு போகாமல் என்ன செய்யும்? இன்னொன்று, தாய் கம்பெனியிடமிருந்து இறக்குமதியாகும் மூலப்பொருளின் விலை சந்தை விலையாக இருக்க வேண்டியதில்லை, கூடுதலாகவும் இருக்கலாம். அது எதிர்ப்பக்கம் இழுக்கும்.

தெற்குவாசல்
உரிமை பத்தி வருடத்துக்கு ஒன்றா, கம்பெனிக்கு ஒன்றா? கம்பெனிக்கு ஒன்று என்றால் அது ஏதோ ஒரு நாளின் நிலைதான். ரான்பாக்ஸி 2008 வரை இந்திய கம்பெனி, பிறகு ஜப்பானின் டாய்ச்சி சாங்யோ கையில், 2015இல் சன் பார்மாவோடு இணைந்தது. எந்த டம்மியில் வைத்தீர்கள்? கைமாறிய கம்பெனிகளை முன்னும் பின்னும் ஒப்பிட்டாலே நல்ல கட்டுரை. ஆனால் வெளிநாட்டுக்காரன் ஏற்கெனவே நன்றாக ஓடும் கம்பெனியைப் பார்த்துத்தான் வாங்குவான், அதையும் யோசிக்கணும்.

சந்தைப்பித்தன்
இவ்வளவு எதற்கு? அரசு கம்பெனி தோல்வி என்று தெரிந்த கதைதானே. ஐடிபிஎல்லையும் ராஜஸ்தான் டிரக்ஸையும் மூடுவதாக 2016 டிசம்பரில் மத்திய அமைச்சரவையே முடிவெடுத்தது.

ஓய்வுபெற்ற பாய்லர்
தெரிந்த கதையா? டாக்டர் ரெட்டீஸைத் தொடங்கிய அஞ்சி ரெட்டி முன்பு ஐடிபிஎல்லில் வேலை பார்த்தவர். ஹைதராபாத்தைச் சுற்றி இருக்கும் மருந்து ஆலைகளுக்கு ஆள் எங்கிருந்து வந்தது? அந்தப் பயிற்சிச் செலவு யார் கணக்கில் உள்ளீடு, யார் கணக்கில் வெளியீடு?

சந்தைப்பித்தன்
உணர்ச்சி வேறு, உற்பத்தி வேறு ஐயா.

லோன் லைசன்ஸ்
கர்நாடகா ஆன்டிபயாடிக்ஸும் அரசு கம்பெனிதான், லாபத்தில் ஓடியது. உடனே துள்ள வேண்டாம். 2013இல் 103 மருந்துகளுக்குக் கொள்முதல் முன்னுரிமைக் கொள்கை வந்தது, மத்திய அரசுத் துறைகள் அரசு கம்பெனிகளிடமே வாங்கும் வசதி. அந்த விற்பனை திறமையால் வந்ததா, கொள்கையால் வந்ததா என்று டிஇஏவுக்குத் தெரியாது.

சந்தைப்பித்தன்
அதைத்தானே நானும் சொல்கிறேன்!

ஓய்வுபெற்ற பாய்லர்
இல்லை, நீங்கள் அதைச் சொல்லவில்லை.

மூலச்சூத்திரம்
இழை தடம் மாறிவிட்டது. ஐந்து கம்பெனியை வைத்து எந்த டம்மியும் பேசாது என்று யாருமே சொல்லவில்லை, நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

புள்ளிராஜா
அது உண்மை. அரசு கம்பெனிகளை டம்மியாக்காமல் தனித்தனியாகப் பார்த்து ஒரு அத்தியாயம் எழுதலாம்.

அரைகுறை ஆய்வாளன் | வெள்ளி, இரவு 9:02
தாமதத்துக்கு மன்னிக்கவும். பாய்லர் ஐயா சொன்னதுதான், இரண்டும் கச்சாப்பொருள் வரிசையில் முதலில் நின்றன. ஓடாத வருடங்களை எடுத்துவிட்டு, தயார் சரக்குக் கொள்முதலையும் சேர்த்து ஓட்டினேன். அரசு டம்மி மைனஸ், ஆனால் புள்ளியியல் முக்கியத்துவம் இல்லை. வெளிநாட்டு டம்மி பாதிக்கும் கீழே போய்விட்டது. கைடு தலைப்பில் "அரசு" வேண்டாம் என்கிறார். நன்றி.

தெற்குவாசல்
ரான்பாக்ஸியை எந்த டம்மியில் வைத்தீர்கள்?

தெற்குவாசல் | மூன்று வாரம் கழித்து
ஹலோ?