முதல் வருட சைக்காலஜி: எனக்குப் பிடித்த சோதனைகள் எல்லாமே ஆட்டம் காண்கின்றனவே, எதை நம்பிப் படிப்பது?

ஸ்டார்_டிரேஸர் (கேள்வி)

பி.எஸ்சி. சைக்காலஜி முதல் வருடம், கோயம்புத்தூர் பக்கம். இந்தப் படிப்பை எடுத்தபோது வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பெரியம்மாவுக்கு நான் "பைத்தியக்கார டாக்டருக்கு" படிக்கிறேன். சித்தப்பா பார்க்கும்போதெல்லாம் "இப்ப என் மனசுல என்ன ஓடுதுன்னு சொல்லு பார்ப்போம்" என்பார். அதெல்லாம் போகட்டும், நான் கேட்க வந்தது வேறு.

மனசு, கனவு, ஃபிராய்டு என்று நினைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். வந்ததோ நியூரான், ஹார்மோன், ஸ்டாண்டர்ட் டீவியேஷன், 1879இல் லைப்சிக்கில் வில்ஹெல்ம் வுண்ட் திறந்த ஆய்வுக்கூடம். ஃபிராய்டுக்குச் சில பக்கங்கள்தான். நடுவில் என்னைத் தூங்கவிடாமல் வைத்திருந்தவை அந்தப் பிரபலமான சோதனைகள்: மேலே இருப்பவர் கட்டளையிட்டால் மனிதர்கள் இன்னொருவருக்கு எவ்வளவு வோல்ட் வரை கொடுக்கத் துணிவார்கள் என்று பார்த்த மில்கிராமின் மின்அதிர்ச்சிப் பெட்டி, மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்து நடிக்கவைத்த ஸ்டான்ஃபோர்டின் பொய்ச்சிறை, காத்திருந்தால் இன்னொன்று கிடைக்கும் என்று மார்ஷ்மெல்லோ மிட்டாயை முன்னால் வைத்துக்கொண்டு நெளிகிற குழந்தைகள், நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸைக் குத்திக் கொல்வதை 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த கதை. ஹாஸ்டலில் ராத்திரி இதைத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருப்பேன், நல்ல வரவேற்பு.

போன மாதம் ஒரு அசைன்மென்ட்டுக்காகத் தேடினால், ஒவ்வொன்றாகக் கழன்று விழுகிறது. 38 சாட்சிகள் என்பது மிகைப்படுத்தல், அதை முதலில் எழுதிய நியூயார்க் டைம்ஸே 2016இல் தன் பழைய செய்தியில் குறை இருந்தது என்று சொல்லிவிட்டது. ஸ்டான்ஃபோர்டில் காவலர்கள் தாமாகவே கொடூரமாக மாறவில்லை, "இன்னும் கடுமையாக இரு" என்று அதை நடத்திய சிம்பார்டோவின் ஆள் ஒரு காவலரை வற்புறுத்துகிற ஒலிப்பதிவே இருக்கிறதாம். மார்ஷ்மெல்லோவை 2018இல் 900 குழந்தைகளுக்கு மேல் வைத்துத் திரும்பப் பார்த்தபோது, குடும்ப வசதியையும் மற்றதையும் கணக்கில் எடுத்தால், காத்திருந்ததற்கும் பின்னாளில் படிப்பில் தேறுவதற்கும் உள்ள தொடர்பு மிகவும் சுருங்கிவிட்டது. போதாததற்கு 2015இல் ஒரு பெரிய குழு 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் 36 சதவீதத்தில்தான் மறுபடியும் தெளிவான முடிவு வந்தது.

மேடத்திடம் கேட்டேன். "சிலபஸ்ல இருக்கறத எழுதும்மா" என்றார். அவர்மேல் கோபம் இல்லை, அவருக்குப் பாடம் முடிக்கிற அவசரம். ஆனால் எனக்கு இரண்டு சந்தேகம். பரீட்சையில் எதை எழுதுவது? அதைவிட, எது சுவாரசியமாக இருந்ததோ அதுவே சந்தேகத்துக்கு உரியது என்றால் மிச்சம் இருப்பதில் எதை நம்பி இன்னும் இரண்டரை வருடம் படிப்பது?

---

சும்மா_வந்தவன்

புத்தகத்தில் இருப்பதை எழுதி மார்க் வாங்குங்கள், புரட்சியை எம்.எஸ்சி.யில் செய்யலாம். பேப்பர் திருத்துபவருக்கு ஒரு கட்டுக்கு இவ்வளவு நேரம் என்று இருக்கும், அதில் உங்கள் ஒலிப்பதிவுக் கதையை அவர் படிக்கப் போவதில்லை.

---

பழைய_எம்ஃபில்

மேலே சொன்னவர் பாதி சரி. பத்து மார்க் கேள்வி என்றால் சோதனையை ஒழுங்காக எழுதிவிட்டுக் கடைசியில் "விமர்சனங்கள்" என்று ஒரு பத்தி எழுதுங்கள். அதற்கு யாரும் மார்க்கைக் குறைக்க மாட்டார்கள். பெரும்பாலும் அந்தப் பத்திதான் உங்கள் பேப்பரை மற்ற பேப்பர்களிடமிருந்து பிரித்துக் காட்டும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன நான்கையும் ஒரே தராசில் போடாதீர்கள் தங்கச்சி. கிட்டி ஜெனோவீஸ் முதலில் ஒரு சோதனையே இல்லை, அது பத்திரிகைச் செய்தி. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு டார்லியும் லட்டானேயும் 1968இல் செய்தது தனி வேலை: பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவது போல் இன்டர்காமில் கேட்கவைத்து, கேட்பவர் தான் ஒருவர்தான் கேட்கிறோம் என்று நினைக்கும்போது எவ்வளவு சீக்கிரம் எழுந்து போகிறார், இன்னும் நாலு பேரும் கேட்கிறார்கள் என்று நினைக்கும்போது எவ்வளவு தாமதிக்கிறார் என்று அளந்தார்கள். செய்தி மிகைப்படுத்தல் என்பதால் அந்த அளவீடு பொய்யாகிவிடாது.

ஸ்டான்ஃபோர்ட் நேர்மாறு. 1971இல் இரண்டு வாரம் என்று திட்டமிட்டு ஆறு நாளில் நிறுத்தியது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது, சோதனை செய்தவரே சிறைக் கண்காணிப்பாளராகவும் உட்கார்ந்திருந்தார். இங்கிலாந்தில் ரைக்கரும் ஹாஸ்லமும் பிபிசிக்காக இதே மாதிரி ஒன்றை நடத்தினார்கள், 2002இல் ஒளிபரப்பானது. அங்கே காவலர்கள் கொடுங்கோலர்களாக மாறவே இல்லை, கைதிகள்தான் ஒன்றுசேர்ந்து ஏறி வந்தார்கள். என்னைக் கேட்டால் ஸ்டான்ஃபோர்டை நெறிமுறைப் பாடத்தில் வைத்துக்கொள்ளலாம், சிறையைப் பற்றியோ மனித இயல்பைப் பற்றியோ எதையும் நிரூபித்ததாகச் சொல்லக்கூடாது.

மில்கிராம் இன்னும் தாக்குப்பிடித்து நிற்கிறார், ஆனால் புத்தகம் சொல்கிற விதத்தில் அல்ல. 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள் என்பதை எல்லோரும் மனப்பாடம் செய்கிறோம். கட்டளை தருபவர் அறையில் இல்லாமல் ஃபோனில் பேசினால் கடைசிவரை போனவர்கள் ஐந்தில் ஒருவர்தான் என்பதை யாரும் படிப்பதில்லை. அவர் ஒரே சோதனையைச் செய்துவிட்டு நிறுத்தவில்லை, இடம், தூரம், பக்கத்தில் யார் என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். விஷயமே அந்த வேறுபாடுகளில்தான் இருக்கிறது. 2009இல் வெளியான பர்கரின் ஆய்வு, நெறிமுறைக்காக 150 வோல்ட்டோடு நிறுத்திக்கொண்டு திரும்பச் செய்து பார்த்தது. பத்தில் ஏழு பேர் அதையும் தாண்டத் தயாராக இருந்தார்கள்.

அந்த 36 சதவீதத்தைப் பற்றி ஒன்று. அந்த 100 ஆய்வுகளை எடுத்துத் திரும்பச் செய்தவர்கள் யார்? உளவியல்காரர்களேதான். வெளியிலிருந்து யாரோ வந்து மாட்டிக்கொடுக்கவில்லை. இன்னொன்று, அந்த ஆய்விலேயே நினைவு, கவனம் மாதிரியான பகுதிகள் சமூக உளவியலைவிட நன்றாகத் தேறின. அதாவது நீங்கள் தூங்கிப்போன அத்தியாயங்கள்!

---

வேலூர்_டீச்சர்

அந்தத் தூங்க வைக்கிற அத்தியாயத்துக்கு ஆதரவாக நானும் கொஞ்சம் பேசுகிறேன். நான் மேல்நிலைப் பள்ளி ஆசிரியை, சைக்காலஜி எனக்கு பி.எட்.டில் ஒரு தாள், அவ்வளவுதான். அங்கே பார்த்துக் கற்கும் குழந்தை, கேட்டுக் கற்கும் குழந்தை, செய்து கற்கும் குழந்தை என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள், இன்றைக்கும் பயிற்சி வகுப்புகளில் சார்ட் ஒட்டிச் சொல்கிறார்கள். 2008இல் பாஷ்லரும் மற்றவர்களும் இருந்த ஆய்வுகளையெல்லாம் அலசிப் பார்த்துவிட்டு, குழந்தையின் பாணிக்கு ஏற்றபடி பாடம் நடத்தினால் அது கூடுதலாகக் கற்கும் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். சார்ட் மட்டும் சுவரை விட்டு இறங்கவில்லை.

எபிங்ஹாஸை யாரும் சார்ட்டில் ஒட்டுவதில்லை. 1885இல் வெளியான ஆய்வுக்காக மனுஷன் தன்னையே சோதனைப் பொருளாக வைத்துக்கொண்டு அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று குறித்துக்கொண்டே போயிருக்கிறார். அதைவிட அலுப்பான வேலை உலகத்தில் இருக்க முடியாது. 2015இல் ஆம்ஸ்டர்டாமில் அதைத் திரும்பச் செய்தபோது கிட்டத்தட்ட அதே வளைகோடு வந்தது. 130 வருடம்!

அப்புறம் 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் செய்தது, இதை ஒவ்வொரு பிளஸ் டூ பிள்ளைக்கும் நான் சொல்வேன். ஒரு பத்தியை ஒரு குழு நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு, தாளை மூடிவைத்து, ஞாபகம் இருப்பதை மூன்று தடவை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் நான்கு தடவை படித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் படித்தவர்களுக்கு 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. பரீட்சைக்கு முந்தின நாள் திரும்பத் திரும்பப் படிக்கிற பிள்ளைக்கு எல்லாம் தெரிந்த மாதிரி தோன்றுவது அந்த ஐந்து நிமிடக் கணக்கால்தான். என் வகுப்பில் திங்கட்கிழமை முதல் பத்து நிமிடம் புத்தகத்தை மூடிவிட்டுப் போன வாரப் பாடத்தை எழுதச் சொல்வேன், மார்க் கிடையாது, திருத்தவும் மாட்டேன். முதலில் முனகுவார்கள், அப்புறம் பழகிவிடும்.

நீங்களும் உங்கள் சைக்காலஜியையே இப்படிப் படித்துப் பாருங்கள் மா.

---

ஸ்டார்_டிரேஸர்

நன்றி அக்கா, நன்றி டீச்சர். மில்கிராமின் ஃபோன் விஷயம் எங்கள் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

தூக்க அத்தியாயம் என்றதும் ஞாபகம் வருகிறது, என் பெயருக்குக் காரணமே ஒரு பிராக்டிகல்தான். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைவது இருக்கிறது இல்லையா, கையை நேராகப் பார்க்க முடியாமல் தட்டியை வைத்து மறைத்துவிடுவார்கள், கண்ணாடியில் தெரிவதை மட்டும் பார்த்து இரண்டு கோட்டுக்கு நடுவில் பென்சிலை ஓட்ட வேண்டும். மூலை வந்ததும் கை கேட்கவே கேட்காது, அங்கேயே நடுங்கிக்கொண்டு நிற்கும். போகப்போகத் தானாக வழுக்கிக்கொண்டு போக ஆரம்பிக்கிறது, எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ரெக்கார்ட் நோட்டில் நேரத்தையும் பிழையையும் எழுதி கிராஃப் போட்டு கையெழுத்து வாங்கியாயிற்று. அதற்குமேல் அதில் ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை.

இப்போது வேறொரு கேள்வி. எங்கள் அடுத்த பிராக்டிகல் முல்லர்-லையர், இரண்டு சமமான கோட்டின் முனைகளில் அம்பு உள்ளே, வெளியே என்று போட்டு எது நீளம் என்று கேட்பது. இந்த ஆய்வுகள் எல்லாமே அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகளை வைத்துச் செய்தவை, நமக்குப் பொருந்தாது என்று ஒரு சீனியர் அடித்துச் சொல்கிறார். கண்ணுக்குத் தெரிவதில்கூடவா ஊருக்கு ஊர் வித்தியாசம் இருக்கும்?

---

குன்னூர்_வாசகன்

நான் சைக்காலஜி ஆள் இல்லை, மானுடவியல் படித்தவன், ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் உங்களுக்கு மேட்டுப்பாளையம் தாண்டினாலே கிடைக்கும். டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர், நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களைப் பற்றி 1906இல் வந்த பெரிய புத்தகத்தை எழுதியவர், மலைக்கு வரும்போது நீங்கள் சொல்கிற அந்தக் கோட்டுச் சோதனைகளையும் கொண்டுவந்து தோடர்களிடமே வைத்துப் பார்த்தார். முடிவுகள் 1905இல் ஓர் உளவியல் இதழில் வந்தன. முல்லர்-லையரில் தோடர்கள் ஆங்கிலேயர் அளவுக்கு ஏமாறவில்லை. அதற்காக அவர்கள் கண் கூர்மையானது என்று முடிவு கட்டிவிட முடியாது, ஏனென்றால் செங்குத்துக் கோடும் கிடைக்கோடும் வைத்துப் பார்க்கும் இன்னொரு சோதனையில் அவர்கள்தான் அதிகம் ஏமாந்தார்கள். 1966இல் சீகல், கேம்ப்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் மூவரும் பல சமூகங்களில் இதைச் செய்து பார்த்தபோதும் ஊருக்கு ஊர் அளவு மாறியது, அமெரிக்கர்கள்தான் அதிகம் ஏமாறுபவர்கள் வரிசையில் முன்னால் நின்றார்கள்.

காரணம் என்ன என்பதில் சண்டை ஓயவில்லை. மூலைகளும் நேர்கோடுகளுமாகக் கட்டிய வீட்டில் வளர்வதால்தான் என்று ஒரு கட்சி, அப்படியெல்லாம் இல்லை என்று இன்னொரு கட்சி. உங்கள் சீனியர் சொல்வதை 2010இல் ஹென்ரிக், ஹைன், நோரன்சாயன் மூவரும் விரிவாகவே எழுதினார்கள், மேற்கத்தியப் படித்த பணக்கார நாட்டு மாணவர்களை வைத்து மனித குலத்துக்கே பேசாதீர்கள் என்று. ஆனால் "நமக்குப் பொருந்தாது" என்று அவர் முடித்துக்கொள்கிறார் பாருங்கள், அதுவும் அதே மாதிரி சோதிக்காமல் சொல்வதுதான்.

---

பழைய_எம்ஃபில்

தோடர் விஷயம் அருமை, வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்டால் இதைச் சொல்லுங்கள், அவர் நிமிர்ந்து உட்காருவார்.

கண்ணாடி நட்சத்திரத்தில் ஒன்றும் இல்லை என்றா சொன்னீர்கள்? ஹென்றி மொலைசன் என்று ஒருவர், உயிரோடு இருந்தவரை புத்தகங்களில் எச்.எம். என்றே இருப்பார், 2008இல் இறந்த பிறகுதான் பெயரை வெளியிட்டார்கள். 1953இல் வலிப்புக்காக மூளையில் அறுவை செய்தபோது நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு புதிதாகச் சந்திக்கிற ஆள், புதிய சம்பவம் எதுவுமே தங்காது. அவரை ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்குக் கொடுத்தது நீங்கள் செய்த அதே நட்சத்திரம், கண்ணாடி, பென்சில். மூன்று நாளில் அவர் கை மளமளவென்று தேறிவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும் இதை முன்பு செய்த ஞாபகமே அவருக்கு இல்லை. கை கற்றுக்கொண்டதை ஆள் அறியவில்லை. நினைவு என்பது ஒரே சாமான் இல்லை, தனித்தனி வகை என்பதற்கு அந்தத் தாள்கள்தான் ஆரம்பச் சாட்சி. "எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது" என்று நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்கள், அதைத்தான் அப்படியே டிஸ்கஷன் பகுதியில் எழுதியிருக்க வேண்டும்.

ரெக்கார்ட் பற்றி ஒரு வேண்டுகோள். முல்லர்-லையரில் உங்கள் சப்ஜெக்ட் (சோதனைக்கு உட்காருபவர்) கோட்டைச் சரியாகச் சொல்லிவிட்டால், போன வருட சீனியர் நோட்டைப் பார்த்து எண்ணை மாற்றி எழுதாதீர்கள். எல்லா லேபிலும் நடக்கிற வேலைதான் இது. வந்த எண்ணை அப்படியே போடுங்கள்.

---

ஸ்டார்_டிரேஸர்

அய்யோ, எங்கள் செட்டில் பாதிப் பேர் நோட் இப்போதே எழுதி முடித்தாயிற்று, பிராக்டிகல் வரும் வியாழக்கிழமைதான்! நான் எண்ணுக்கான கட்டங்களைக் காலியாகவே விட்டு வைக்கிறேன். எச்.எம். பற்றி ஹாஸ்டலில் இன்றைக்கு ராத்திரி சொல்லப் போகிறேன், சிறைக் கதையைவிட இது நன்றாகவே எடுபடும்.

டீச்சர், ஒரு சந்தேகம். புத்தகத்தை மூடி எழுதிப் பார்க்கும்போது தப்பாக எழுதிவிட்டால் அந்தத் தப்பே மனதில் பதிந்துவிடாதா?

---

வேலூர்_டீச்சர்

எழுதி முடித்தவுடன் புத்தகத்தைத் திறந்து சரிபார்த்துவிட்டால் பெரும்பாலும் பதியாது மா. என் வகுப்பில் நான் திருத்த மாட்டேன் என்றேனே தவிர, அவர்கள் தாங்களே புத்தகத்தைப் பார்த்து அடித்துத் திருத்தியாக வேண்டும், அதற்கு ஐந்து நிமிடம் தனி. அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.