கொனோபிஷ்டேயில் மூன்றாவது சுற்று

பழைய அரண்மனைகளுக்குப் போய்வந்த அனுபவங்களை எல்லோரும் எழுதுகிறீர்கள். என் பங்குக்குச் செக் நாட்டின் கொனோபிஷ்டே அரண்மனை பற்றிச் சொல்கிறேன். ப்ராக்கிலிருந்து தென்கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர். ரயிலில் பெனெஷோவ் வரை போய், அங்கிருந்து மரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்தால் உருண்டைக் கோபுரங்கள் தெரியும்.

13ஆம் நூற்றாண்டுக் கோட்டை அது. 1887இல் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் (பிற்பாடு அரியணை வாரிசானவர்) வாங்கி, மின்விளக்கும் லிஃப்டும் வைத்துப் புதுப்பித்துக்கொண்டார். 1914இல் சரயேவோவில் சுடப்பட்டு, முதல் உலகப்போருக்குக் காரணமான அதே பெர்டினாண்ட்தான். பள்ளிப் பாடத்தில் ஒரே வரியில் கடந்துபோன அந்தப் பெயருக்காகத்தான் நான் போனேன்.

உள்ளே நுழைந்ததும் நடைக்கூடத்தில் மூச்சு முட்டியது. இருபுறச் சுவரிலும் மான் கொம்புகள், பறவைகள், மிருகத் தலைகள். வாழ்நாளில் அவர் சுட்ட உயிர்கள் 2,70,000க்கும் மேல் என்று அவருடைய வேட்டைக் குறிப்புகள் சொல்கின்றன. 1892 கடைசியில் கப்பலேறி உலகம் சுற்றியபோது இலங்கையிலும் இந்தியாவிலும்கூட வேட்டையாடியிருக்கிறார். எனக்கு அந்தக் கூடம் பிடிக்கவில்லை. வேகமாக நடந்துவிட்டேன்.

அப்புறம், வழிகாட்டியோடு போகும் சுற்றுகளில் மூன்றாவது சுற்று. குடும்பம் குடியிருந்த அறைகளை மட்டும் காட்டுவது. சிறு குழுவாகத்தான் அழைத்துப் போகிறார்கள், அதனால் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். அங்கேதான் அந்த மனிதரைப் பற்றி நான் நினைத்திருந்தது மாறியது.

மனைவி சோஃபி செக் பிரபு குடும்பத்துப் பெண். வேறொரு இளவரசியிடம் தோழியாக வேலை பார்த்தவர். ஆட்சி செய்யும் வம்சத்தில் பிறக்கவில்லை என்பதால் ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் யோசஃப் கல்யாணத்துக்குச் சம்மதிக்கவில்லை. பிறக்கும் பிள்ளைகளுக்கு அரியணை உரிமை கிடையாது என்று 1900 ஜூன் 28 அன்று பெர்டினாண்ட் சத்தியம் செய்து கொடுத்த பிறகே கல்யாணம் நடந்தது. வியன்னா அரண்மனை விழாக்களில் கணவரோடு சேர்ந்து நடக்க முடியாது. இளவரசிகள் எல்லோரும் போன பிறகு கடைசியில்தான் சோஃபி வர வேண்டும். கொனோபிஷ்டேயில் அந்த அவமானம் இல்லை. அது அவர் வீடு. சுவரெல்லாம் குடும்பப் படங்கள், பிள்ளைகளின் பொருட்கள். இந்த மனுஷியை எப்படி ஓரமாக நிற்க வைத்தார்கள் என்று நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது.

கணவனும் மனைவியும் சுடப்பட்டது 1914 ஜூன் 28. சத்தியம் செய்த அதே தேதி, சரியாகப் பதினான்கு வருடம் கழித்து. சாகாதே, நம் பிள்ளைகளுக்காக உயிரோடு இரு என்று அவர் மனைவியிடம் கெஞ்சியதாகக் கூட இருந்தவர் பதிவு செய்திருக்கிறார். வியன்னாவில் சவப்பெட்டிகளை வைத்தபோதும் சோஃபியுடையதைத் தாழ்வாகவே வைத்தார்கள். ஹாப்ஸ்பர்க் அரச குடும்பக் கல்லறையில் சோஃபிக்கு இடம் கிடைக்காது என்று தெரிந்தே, இருவருக்கும் சேர்த்து ஆஸ்திரியாவின் ஆர்ட்ஷ்டெட்டனில் பெர்டினாண்ட் முன்பே கல்லறை கட்டி வைத்திருந்தார். அவரைக் கொன்ற துப்பாக்கிக் குண்டு இன்று கொனோபிஷ்டேயில் காட்சிக்கு இருக்கிறது. அதன் முன்னால் நான் அதிக நேரம் நிற்கவில்லை.

மனதை விட்டுப் போகாதது பிள்ளைகள் கதை. அப்பா அம்மாவை இழந்தபோது மகள் சோஃபிக்கு 12 வயது, தம்பிகள் மேக்ஸுக்கும் எர்ன்ஸ்டுக்கும் 11, 10. போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாக்கிய அரசு அரண்மனையை எடுத்துக்கொண்டு அவர்களை வெளியேற்றியது. 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்தபோது, அவர்களை எதிர்த்த தம்பிகள் இருவரையும் ஜெர்மனியின் டாஹாவ் வதைமுகாமில் அடைத்தார்கள். மகள் சோஃபி 1990 வரை வாழ்ந்தார்.

வெளியே வந்து ரோஜாத் தோட்டத்தில் உட்கார்ந்தேன். கொலைக்கு இரண்டு வாரம் முன்பு ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் விருந்தினராக வந்திருந்தபோது இந்தத் தோட்டம் பூத்துக் கிடந்ததாம். 1981இல், அறுபது வருடத்துக்குப் பிறகு, மகள் சோஃபி ஒருமுறை இங்கே திரும்பி வந்திருக்கிறார். தங்கள் குடும்பம் இந்த வீட்டில் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனாராம்.