நாகூர் ஆண்டவருக்கு ஒரு வெள்ளி

2013 ஆகஸ்டில் என் மகள் சிங்கப்பூரில் 30 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். 1,240 கிராம். இன்குபேட்டரின் பக்கத்து ஓட்டை வழியாகக் கையை விட்டால் என் சுண்டு விரலை மட்டும் பிடித்துக்கொள்வாள். நாகப்பட்டினத்தில் இருந்த அம்மாவுக்கு ஓடி வர முடியவில்லை. பாஸ்போர்ட் காலாவதியாகி இருந்தது, புதுசு கைக்கு வந்து அப்புறம் விசா எடுக்க வேண்டும்.

"நான் வந்து என்னடி பண்ணப்போறேன், செய்ய முடிஞ்சத செய்றேன்" என்று போனை வைத்தவள், மறுநாள் விடியற்காலையில் வெளிப்பாளையத்திலிருந்து நாகூருக்கு நடந்தே போயிருக்கிறாள். பேத்தி பிழைத்து வந்தால் முடி இறக்கி, தொட்டில் தகடு வாங்கி வைப்பதாக நேர்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமி மாடத்தில் வைத்தாள்.

நாங்கள் முஸ்லிம்கள் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் அதை யாரும் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. கடலில் போகிறவர்கள், கடல் தாண்டிப் போனவர்களை நினைத்துத் தூங்காமல் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் நாகூர் ஆண்டவர்தான். ஓட்டை விழுந்து மூழ்க இருந்த கப்பலை, முடி மழித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்தே கண்ணாடியை வீசி அடைத்துக் காப்பாற்றினார் என்ற கதையை அம்மா எனக்குச் சோறு ஊட்டும்போது சொல்லியிருக்கிறாள். என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனபோதும் முதல் நாள் நாகூரில் சர்க்கரை வைத்துப் பாத்திஹா ஓதிவிட்டுத்தான் கிளம்பினாராம்.

பிள்ளை 52 நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். ஆனால் நேர்த்திக்கடன் பாக்கி நின்றுவிட்டது. ஒரு வருஷம் லீவு கிடைக்கவில்லை, ஒரு வருஷம் டிக்கெட் விலை, அப்புறம் பள்ளிக்கூடம், அப்புறம் கொரோனா. வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும்.

என் ஆபீஸ் தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கம். அங்கேயும் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டியது. அப்போது கடல் அந்தத் தெருவரைக்கும் இருந்தது. கரை இறங்கியவர்கள் முதல் வேலையாக நன்றி சொல்ல இங்கே வந்திருப்பார்கள். பிறகு கடலைத் தூர்த்துவிட்டார்கள், இப்போது சுற்றிலும் உயரக் கட்டடங்கள். தர்கா இன்று இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இருக்கிறது. மதிய இடைவேளையில் எத்தனையோ நாள் அந்த வாசலில் போய் நின்றிருக்கிறேன். மகளுக்குக் காய்ச்சல் என்றால் நிற்பேன், வேலை போய்விடுமோ என்று பயந்த மாதம் தினமும் நின்றேன்.

ஒருமுறை அம்மாவிடம் கேட்டேன், "இங்கயும் அவர் பேருலதானே இருக்கு, கடனை இங்கேயே முடிச்சிடலாமா?"

"வாங்கின இடத்துலதான் கட்டணும்" என்றாள்.

2023 டிசம்பரில் மகளின் பள்ளி விடுமுறைக்குத்தான் போக முடிந்தது. திருச்சியில் இறங்கி, தஞ்சாவூர், திருவாரூர் வழியாக ஊருக்கு. தர்காவின் வருடாந்திரக் கந்தூரி விழாக் கொடியேற்றத்துக்கு முன்னாலேயே, ஒரு வியாழக்கிழமை நாகூர் போனோம். ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது. அதன் மேல் உட்கார்ந்திருந்த புறாக்களை எண்ண முடியாமல் மகள் விட்டுவிட்டாள்.

கடையில் தகடுகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். கண், கை, கால், வீடு, படகு, தொட்டில். விரல் நீளத் தகரத்தில் புடைத்து நின்ற அந்தத் தொட்டிலைக் கையில் வாங்கியபோது எனக்கு நடுங்கியது. இன்குபேட்டருக்குள் அவள் அவ்வளவுதான் தெரிவாள்.

முடி இறக்கும் இடத்துக்கு வந்ததும் மகள் நின்றுவிட்டாள். பத்து வயது, இடுப்பு வரை முடி. "இது என் முடி அம்மா. யாரும் என்கிட்ட கேட்கவே இல்லையே" என்றாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. கேள்வியில் நியாயம் இருந்தது. அம்மா முகம் வாடிப்போய், கூட நின்ற தர்கா சாபுவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் மகளைப் பார்த்துச் சிரித்தார். "புள்ள மனசு நோக வேணாம்மா. ஒரு கொத்து குடுக்கட்டும், எஜமான் ஏத்துப்பாங்க."

மகள் கொடுத்தாள். தானே நுனியைப் பிடித்துக் காட்டி, "இவ்வளவு போதுமா அம்மாச்சி?" என்று கேட்டுக் கொடுத்தாள்.

அம்மாவுக்கு ஆறவில்லை என்பது தெரிந்தது. பத்து வருஷம் சுமந்தவள். நான் கொண்டையை அவிழ்த்துவிட்டுப் பலகையில் உட்கார்ந்தேன். "ஆபீஸ் போறவடி நீ, வேணாம்" என்று தோளைப் பிடித்தாள். "எனக்காகத்தானேம்மா கடன் வாங்குன" என்றேன். பிடித்த கை அப்படியே இருந்தது. குளிர்ந்த தண்ணீரைத் தலையில் தேய்த்து, உச்சியிலிருந்து முன்னால் இழுத்தார் முடி எடுப்பவர். கத்தி நகர நகரக் காற்று படுவது புதிதாக இருந்தது. கடைசியில் அம்மா சந்தனத்தைக் குழைத்து என் தலை முழுக்கப் பூசினாள். சின்ன வயதில் எண்ணெய் தேய்த்த அதே அழுத்தம். அப்போதுதான் நான் அழுதேன், மருத்துவமனையில் அழாததையும் சேர்த்து.

உண்டியல் முன்னால் அம்மா மஞ்சள் துணியை அவிழ்த்தாள். நிறம் போய், முடிச்சு இறுகி, பல்லால் கடித்துத்தான் பிரிக்க முடிந்தது. உள்ளே இருந்தது சிங்கப்பூரின் பழைய ஒரு வெள்ளிக் காசு, அதாவது ஒரு டாலர். ஒரு பக்கம் நித்தியகல்யாணிப் பூ. எப்போதோ லீவில் வந்தபோது நான் மேசையில் போட்டுவிட்டுப் போனதாம். "நம்ம ஊர்க் காச முடியாம இத ஏம்மா முடிஞ்ச?"

"புள்ள அங்கதானே கெடந்துச்சு. இதுல சிங்கப்பூர்னு தமிழ்லயே எழுதியிருக்கு பாரு. தேடாம நேரா போயிருவாருன்னு நெனச்சேன்."

மகள் அந்த எழுத்தைக் கூட்டி வாசித்துவிட்டு, காசை அவளே உள்ளே போட்டாள்.

சிங்கப்பூருக்குக் கிளம்பிய இரவு, வண்டியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தோம். அம்மாவைக் காணோம் என்று உள்ளே போனால், சாமி மாடத்தின் முன்னால் அதே துணியில் எதையோ முடிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் மகள், பர்ஸ் திறந்தபடி.

"அம்மாச்சி ஒரு வெள்ளி கேட்டாங்க" என்றாள்.

"நீங்க பத்திரமாப் போய் இறங்கணும்ல" என்றாள் அம்மா, முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.