'ஐடெம்பொட்டன்ட்': கருவிக் குறிப்புக்கு ஒரு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

ஏஐ ஏஜென்ட்டுகள் (நமக்காகத் தானே வேலைகளைச் செய்யும் ஏஐ நிரல்கள்) அழைக்கும் கருவிகளுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவது எப்படி என்ற கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். 'ஐடெம்பொட்டன்ட்' மட்டும் தீராமல் நிற்கிறது.

ஒரு கருவியை ஒருமுறை அழைத்தாலும், அதே உள்ளீட்டோடு பலமுறை அழைத்தாலும் கடைசி நிலை ஒன்றே என்பது பொருள். 'விளக்கை அணை' அப்படிப்பட்டது; 'ஒலியை ஒரு படி கூட்டு' அப்படியல்ல. ஏஜென்ட் 'பணம் அனுப்பு' என்று அழைக்கிறது. பதில் வருமுன் இணைப்பு அறுந்துவிடுகிறது. பணம் போயிற்றா என்று அதற்குத் தெரியாது. மறுபடி அழைக்கலாமா என்பதற்குக் குறிப்புதான் வழிகாட்டி. ஏஐ மாதிரிகளைக் கருவிகளோடு இணைக்கும் பொது விதிமுறையான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலின் 2025 மார்ச் பதிப்பிலிருந்து இதற்கென்றே ஒரு குறி உண்டு. ஒன்றும் எழுதாவிட்டால் 'இல்லை' என்றே கொள்ளப்படும். சொல் தாருங்கள்.

———

> சொல் தாருங்கள்

இருக்கிறதே, 'தன்னடுக்கு'. 'ஐடெம்பொட்டன்ட்' என்பது 1870இல் கணித அறிஞர் பெஞ்சமின் பியர்ஸ் இயற்கணிதத்துக்காக ஆக்கிய சொல். எத்தனை அடுக்குக்கு உயர்த்தினாலும் தானாகவே நிற்பது. தன் + அடுக்கு, பழுதில்லாத ஆக்கம்.

இலக்கணமும் துணை நிற்கிறது. 'பாம்பு பாம்பு' என்றால் பாம்பு இரண்டாகிவிடுவதில்லை. சொல்பவரின் அச்சமும் விரைவும்தான் தெரியும். ஒரு சொல் நான்கு முறை வரை அடுக்கலாம் என்பது நன்னூல். இரட்டைக்கிளவி வேறு, 'சலசல'வைப் பிரித்தால் 'சல'வுக்குப் பொருளில்லை. அடுக்குத்தொடரில் ஒவ்வொரு சொல்லும் தனித்து நிற்கும், பொருளோ கூடாது. கருவி அழைப்பும் இதுவே. அதே நன்னூல் 'கூறியது கூற'லைப் பத்துக் குற்றங்களுள் வைத்ததையும், ஆனாலும் அடுக்கை ஏற்றதையும் தனி மடலில் எழுதுகிறேன்.

———

ஐயா, பியர்ஸ் செய்தி அருமை. ஆனால் நிரல் எழுதுபவருக்கு 'அடுக்கு' என்றால் ஸ்டாக், அதாவது தரவை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அமைப்பு. 'தன்னடுக்குக் கருவி' என்று படித்தால் தனக்கென்று ஸ்டாக் வைத்திருக்கும் கருவி என்றே நினைப்பார்.

எனக்குத் தனிமடலில் வந்த 'மீள்மாறா'வும் ஆபத்து. 'மாறா' என்றதும் எதையும் மாற்றாத, படிக்க மட்டுமான கருவி என்று தோன்றும். கோப்பை அழிக்கும் கருவியும் ஐடெம்பொட்டன்ட்தான்! இணையத்தில் கோரிக்கை அனுப்பும் எச்டிடிபி விதிமுறையில் புட் (வை), டெலீட் (அழி) என்ற கட்டளைகள் இரண்டும் அந்த வகை, போஸ்ட் (அனுப்பு) அல்ல. 'ஒருவிடை'யும் ஆகாது. இரண்டாம் முறை அழிக்கச் சொன்னால் 'கோப்பு இல்லை' என்று வேறு விடை வரலாம்; ஆனாலும் நிலை அதேதான்.

சொல்லே வேண்டாம். 'மீண்டும் அழைத்தாலும் கூடுதல் விளைவு இல்லை' என்று எழுதுங்கள். படிக்கும் ஏஐ மாதிரிக்கும் மனிதருக்கும் அது போதும்.

———

வாக்கியம் கலைச்சொல் ஆகாது. 'ஐடெம்பொட்டன்சி கீ' (மறுபடி வந்தது அதே கோரிக்கைதான் என்று காட்டும் அடையாளக் குறியீடு) என்று அடுத்த பக்கத்திலேயே வரும். வாக்கியத்தோடு எதை ஒட்டுவீர்கள்? 'முதுகெலும்பிலி' என்பதை யாரும் தடுமாறாமல் படிக்கிறார்கள். அதே வழியில் 'மீள்விளைவிலி' என்போம்.

———

'மீள்' என்றால் திரும்பி வருதல். அழைப்பு திரும்பி வருவதில்லை, மறுபடி நிகழ்கிறது. 'மறு' வேண்டும்.

———

'மீண்டும்' எதிலிருந்து வந்தது? 'மீள்'தானே! 'மறு'வுக்குக் குற்றம் என்றும் பொருள், மறுத்தல் என்றும் பொருள்.

———

நண்பர்களே, வியாழன் இரவு ஆகிவிட்டது. பெரும்பாலோர் சாய்ந்த பக்கம் 'மறுவிளைவிலா' என்று எழுதுகிறேன். 'மறுமுயற்சி' கையேடு முழுக்க வருவதால் அதனோடு இசைகிறது. முதல் இடத்தில் 'ஐடெம்பொட்டன்ட்' என்பதையும் அந்த விளக்க வாக்கியத்தையும் சேர்க்கிறேன். கருவிக் குறிப்புக்குள்ளே வாக்கியம் மட்டும். ஏஜென்ட் புதுச்சொல்லை ஊகித்து இரண்டு முறை பணம் அனுப்ப விடமாட்டேன். 'கீ'யை 'மறுவிளைவுத் தடைச் சாவி' என்கிறேன். சாவியைக் கண்டு சேவையகம் இரண்டாம் விளைவைத் தடுக்கிறது, அதனால்.

———

தம்பி சொன்ன டெலீட் எடுத்துக்காட்டு என் கருத்தை மாற்றவில்லை. கணிதத்துக்கு ஒரு சொல், கணினிக்கு வேறு சொல் என்றால் இரண்டையும் படிக்கும் மாணவர் ஒரே கருத்தை இரண்டாக எண்ணுவார். 'தன்னடுக்கு' என்பதை அடிக்குறிப்பிலாவது சேர்க்கக் கோருகிறேன்.