டெஸ்லா காயில்: ஆன்டெனா ஃபீட்பேக் பிடி விட்டுப் போகிறது, அடிக்கம்பியில் சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) போடலாமா?

வடசேரி மாணவன்:
பாலிடெக்னிக் பிராஜெக்டுக்கு சாலிட் ஸ்டேட் டெஸ்லா காயில் (மாஸ்ஃபெட்டால் ஓடி, உயர் வோல்டேஜில் காற்றில் பொறி விடும் கருவி) செய்கிறேன். செகண்டரி, அதாவது பொறி விடும் உயரமான சுருள், 110 மி.மீ. பிவிசி பைப்பில் 33 கேஜ் கம்பி, சுற்று உயரம் 30 செ.மீ. மேலே அலுமினிய டக்ட்டை வளைத்த வளையம். ரெசனன்ஸ் (ஒத்திசைவு, சுருள் இயல்பாக அதிரும் ஃப்ரீக்வென்ஸி) கிட்டத்தட்ட 200 கிலோஹெர்ட்ஸ். 74ஹெச்சி14 லாஜிக் ஐசி, யூசிசி27321, 27322 கேட் டிரைவர்கள், கேட் டிரான்ஸ்ஃபார்மர், ஐஆர்எஃப்பி460 மாஸ்ஃபெட் இரண்டு போட்ட ஹாஃப் பிரிட்ஜ் (காயிலுக்கு மின்சாரத்தை மாற்றி மாற்றிக் கொடுக்கும் ஸ்விட்ச் ஜோடி), ஓட்டத்தை விட்டு விட்டு இயக்கும் 555 இன்டரப்டர்.

முதலில் டிஎல்494 (வைத்த ஃப்ரீக்வென்ஸியிலேயே ஓடும் ஐசி) வைத்து ஃப்ரீக்வென்ஸியைக் கையால் திருகினேன். பொறி நீளும்போது ட்யூனிங் விலகி மாஸ்ஃபெட் சுடுகிறது. காயிலின் அதிர்வை வாங்கி டிரைவருக்குத் திருப்பிக் கொடுக்கும் (ஃபீட்பேக்) ஆன்டெனாவுக்கு மாறிய பிறகு சூடு குறைந்தது. ஆனால் பொறி ஆன்டெனா பக்கம் சாய்ந்தால் டிரைவர் அந்த அதிர்வைத் தொடர முடியாமல் பிடி விட்டுப் போகிறது. கரண்ட் போய் வீட்டு இன்வெர்ட்டர் ஓடும் நேரத்தில், பிரிட்ஜுக்கு சப்ளையே கொடுக்காதபோதும் ஸ்கோப்பில் மாஸ்ஃபெட்டின் கேட் (கட்டுப்பாட்டு முனை) துடிக்கிறது. செகண்டரியின் அடியில் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் (சிடி, கம்பியில் ஓடும் கரண்டை உணரும் வளையச் சுருள்) போட்டால் தீருமா?

குளச்சல்:
எர்த் எங்கே கொடுத்திருக்கிறாய்? வீட்டு வயரிங் எர்த்தில் கட்டாதே, அந்த லைனில் இருக்கிற டிவி, மோடம் எல்லாம் போகும். தனியாக ஒரு கம்பி அடித்து, ஈர மண்ணில் இறக்கு.

தக்கலை வைண்டிங் கடை:
தம்பி, சிடி போடு. தயங்க வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். செகண்டரி ஒத்திசைவில் இருக்கும்போது அடிக்கம்பியில் ஓடும் கரண்ட், பிரிட்ஜ் கொடுக்கும் வோல்டேஜோடு சேர்ந்தே ஏறி இறங்கும். அதனால் அந்தக் கரண்ட் பூஜ்யத்தைத் தாண்டும் நேரம்தான் ஸ்விட்ச் மாற வேண்டிய நேரம். பொறி நீண்டால் வளையத்தோடு கப்பாசிட்டன்ஸ் கூடும், ஃப்ரீக்வென்ஸி இறங்கும். டிஎல்494க்கு இது தெரியவே தெரியாது. ஃபீட்பேக் இருந்தால் அடுத்த சுற்றிலேயே டிரைவர் கூடவே இறங்கிவிடும். ஆன்டெனாவும் இதே ஃபேஸைத்தான் (ஏறி இறங்கும் நேரத்தைத்தான்) தருகிறது. கிளாம்ப் டயோடு (வோல்டேஜ் எல்லை மீறாமல் தடுப்பது) போட்ட இன்புட்டுக்குள் போவது, மேல் வோல்டேஜ் மாறும் வேகத்துக்கு ஏற்ற கரண்ட். ஆக ஃபேஸில் குறை இல்லை. நாலு பக்கத்து இரைச்சலையும் சேர்த்து வாங்குவதுதான் அதன் தொல்லை. சிடிக்குள் போவது செகண்டரி கரண்ட் மட்டும்.

கோர் விஷயத்தில் கவனம். பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு வளையம் இருக்கும், அது இரும்புத்தூள், இதற்கு ஆகாது. 230 வோல்ட் நுழையும் பக்கத்து ஃபில்டரில் இருக்கும் ஃபெரைட் வளையத்தை எடு. அதில் 50 சுற்று. செகண்டரியின் அடிக்கம்பி வளையத்தின் நடுவே ஒரே ஒரு முறை நுழைந்து நேராக எர்த்துக்குப் போகட்டும். சிடியின் ஒரு முனை கிரவுண்ட். மறுமுனை 0.1 மைக்ரோஃபாரட் வழியாக 74ஹெச்சி14க்கு, அங்கே 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் ஆளுக்கொரு 1என்5819 டயோடு.

இனி தொடக்கம். இன்டரப்டரை யூசிசியின் எனேபிள் (இயங்க அனுமதிக்கும்) காலில் கொடு. அது திறந்ததும் ஒரு விளிம்பு (சிக்னலின் திடீர் மாற்றம்) போகும், செகண்டரி லேசாக அதிரும், அந்த அதிர்வே சிடி வழியாகத் திரும்பி வந்து பிடித்துக்கொள்ளும். பிடிக்கவில்லை என்றால் சிடியின் இரு முனைகளையும் மாற்றிக் கட்டு. ஃபேஸ் தலைகீழாக இருந்தால் டிரைவரே அதிர்வை அமுக்கிவிடும்.

அப்புறம் தாமதம். லாஜிக், டிரைவர், மாஸ்ஃபெட் எல்லாம் சேர்த்து 250 நானோசெகண்ட் என்று வை. உன் காயிலுக்கு ஒரு சுற்று 5 மைக்ரோசெகண்ட், ஆக 18 டிகிரி. ஓடும், கொஞ்சம் சூடு இருக்கும். பெரிய டிஆர்எஸ்எஸ்டிசி (பிரைமரியும் ஒத்திசைவில் ஓடும் வகை) என்றால் இதைச் சரிகட்டியே ஆக வேண்டும், அணைக்கும்போதும் 74ஹெச்சி74 ஃப்ளிப்ஃப்ளாப் ஐசி வைத்துப் பூஜ்யத்துக்குக் காத்திருக்க வேண்டும். உனக்கு இப்போது அது வேண்டாம்.

முதல் ஓட்டம் சீரிஸ் பல்ப் போட்டுத்தான். மோட்டார் கட்டிக் கொடுக்கும்போது நாங்கள் செய்வதும் இதுதான். 100 வாட் குண்டு பல்ப் பளிச்சென்று எரிந்தால் பிரிட்ஜ் ஷார்ட், பல்ப் போனாலும் மாஸ்ஃபெட் பிழைக்கும். நேரடி மெயின்ஸ் பிரிட்ஜில் ஸ்கோப் கிளிப்பை மாட்டவே மாட்டாதே.

குளச்சல்:
செகண்டரிக்கு வார்னிஷ் அடித்தாயா? நம்ம ஊர் உப்புக்காற்றில் சுற்று மேலேயே பொறி ஊர்ந்து கம்பியைத் தின்னும். வெயில் நாள் பார்த்து இரண்டு கோட்டு அடித்துக் காயவிடு மக்கா.

வடசேரி மாணவன்:
அண்ணா, பிடித்துவிட்டது! முனையை மாற்றியதும் சீரிஸ் பல்ப்போடவே ஊதாப் பொறி வந்தது. எர்த் கட்டிய கம்பியைப் பக்கத்தில் கொண்டுபோனாலும் விடவில்லை. இன்வெர்ட்டர் ஓடும்போது கேட் அமைதியாக இருக்கிறது. வார்னிஷ் இந்த ஞாயிறு. கண்காட்சியில் வைக்கலாமா?

தக்கலை வைண்டிங் கடை:
சந்தோஷம் தம்பி. வைக்கலாம். ஹீட்சிங்க்கில் சின்ன ஃபேன் வை, ஓட்டத்தைச் சுருக்கமாக வை. கயிறு கட்டி ஆட்களைத் தள்ளி நிறுத்து. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது என்று வாசலில் பெரிதாக எழுதி ஒட்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கப்பாசிட்டரில் 325 வோல்ட் நிற்கும், அதை வடிக்கும் பிளீடர் ரெசிஸ்டர் போட்டிருக்கிறாயா?