வன்னிக்காய்ப் பொரியலும் சில சந்திப்புகளும்: ராஜஸ்தான் அனுபவங்கள்

விருத்தாசலத்துக்காரர்:

எங்கள் ஊர்க் கோயிலின் தலவிருட்சம் வன்னி. சின்ன வயதிலிருந்து சுற்றிக் கும்பிட்ட மரம். அதன் காயைச் சமைப்பார்கள் என்று கனவில்கூட நினைத்ததில்லை. போன ஜனவரியில் ஜோத்பூரில் நாங்கள் தங்கிய வீட்டு அம்மா, கம்பு ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஒரு பொரியல் வைத்தார். கறுத்துச் சுருங்கி இருந்ததால் கொத்தவரங்காய் வற்றல் என்றே நினைத்தேன். "சாங்ரி" என்றார். எந்தச் செடியில் காய்க்கும் என்று கேட்டேன். வாசலில் நின்ற மரத்தைக் காட்டினார். பார்த்தால் நம் வன்னி! அங்கே அதற்கு கேஜ்ரி என்று பெயர். மாநில மரமும் அதுதான்.

வதக்கும்போது கைர் என்ற சிறு காயையும் கூடச் சேர்க்கிறார்கள். இரண்டுமே காயவைத்துப் பத்திரப்படுத்துகிற சரக்கு. மழை பொய்த்தாலும் கேஜ்ரி காய்க்கும். இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் போகும். 1899-1900 பஞ்சத்தில் அதன் பட்டையையே இடித்து மாவாக்கித் தின்றிருக்கிறார்கள். அங்கே வழங்கும் விக்ரம ஆண்டுக் கணக்கில் அது 1956. அதனால் 'சப்பனியா' பஞ்சம், அதாவது ஐம்பத்தாறாம் வருடத்துப் பஞ்சம் என்று இன்றும் சொல்கிறார்கள். நம் ஊரில் தாது வருடப் பஞ்சம் என்பதைப் போல.

மறுநாள் கேஜட்லிக்குப் போனோம். ஜோத்பூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். 1730-ல் மன்னர் அபய் சிங்கின் ஆட்கள் சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு வெட்ட வந்த இடம். அம்ருதா தேவி என்ற பிஷ்னோய்ப் பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரை வெட்டினார்கள், மூன்று மகள்களையும் வெட்டினார்கள். செய்தி பரவி அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து வந்து மரத்தைப் பிடித்துக்கொள்ள, மொத்தம் 363 பேர் செத்த பிறகுதான் கோடரி நின்றது. ஜாம்போஜி என்ற குரு 1485-ல் தொடங்கி வைத்த வழி இந்த பிஷ்னோய்களுடையது. நெறிகள் இருபத்தொன்பது. பீஸ் என்றால் இருபது, நௌ என்றால் ஒன்பது; அந்த எண்ணே அவர்கள் பெயர் என்பார்கள். பச்சை மரத்தை வெட்டக் கூடாது. இறந்தவரைக்கூட எரிக்காமல் புதைக்கிறார்கள், விறகு வீணாகக் கூடாது என்று. நான் அங்கே ரொம்ப நேரம் பேசாமல் நின்றேன்.

கோவைக்காரர்:

நான் போனது பறவைக்காக. பலோடி பக்கத்தில் கீச்சன் என்று ஒரு கிராமம். குளிர்காலத்தில் மங்கோலியா, மத்திய ஆசியா பக்கத்திலிருந்து குர்ஜாக் கொக்குகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். ஊர்க்காரர்களே மூட்டை மூட்டையாகத் தானியம் இறைக்கிறார்கள். விடிகாலையில் ஒரு வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தோம். நண்பர் சத்தமாகச் சிரித்துவிட்டார். கீழிருந்து ஒரு பாட்டி அதட்டினார் பாருங்கள், பாஷை புரியாமலே வாயை மூடிக்கொண்டோம்.

ஆனால் கானமயிலைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அது ராஜஸ்தானின் மாநிலப் பறவை. ஒரு காலத்தில் எங்கள் கோவைப் பக்கமும் திரிந்ததுதான். இப்போது உலகத்திலேயே 200-க்கும் குறைவு. கனமான உடம்பு, நேர் எதிரே சரியாகப் பார்க்க முடியாத கண். மின்கம்பியில் மோதிச் சாகிறது. ஜெய்சல்மேர் வெளியெல்லாம் காற்றாலையும் கம்பியும்தான்.

சென்னைவாசி:

ஜெய்சல்மேர் கோட்டைக்குள் ஒரு விடுதியில் தங்கினேன். இப்போது யோசித்தால் தங்கியிருக்க வேண்டாம். 1156-ல் ராவல் ஜெய்சல் எழுப்பிய கோட்டை. இன்னும் உள்ளே ஜனங்கள் குடியிருக்கிறார்கள், கடை, கோயில் எல்லாம் உண்டு. காலையில் குளித்துவிட்டு இறங்கியபோது வாசல் கடைப் பெரியவர், "எத்தனை வாளி ஊற்றினீர்கள்?" என்று கேட்டார். கிண்டல் என்று நினைத்தேன். அப்புறம்தான் விளக்கினார். முன்பெல்லாம் கீழே கடீசர் ஏரியிலிருந்து பெண்கள் குடத்தில் சுமந்து ஏறுவார்கள். சுமந்த தண்ணீரை யாரும் கொட்ட மாட்டார்கள். குழாயும் விடுதிகளும் வந்த பிறகு கழிவுநீர் கசிந்து, மலையின் களிமண் இளகி, கொத்தளங்கள் சரிந்திருக்கின்றன. மணலைத் தாங்கிய கோட்டைக்குத் தண்ணீர் எமன். என் பங்கு இரண்டு வாளி.

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். 'ராஜஸ்தான்' என்றால் ஒரே ராஜ்யம் என்று நினைத்திருந்தேன். அந்தப் பெரியவருக்கோ ஜோத்பூர் வேறு தேசம் மாதிரி! ராஜபுதனத்துச் சமஸ்தானங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, 1949 மார்ச் 30-ல்தான் பெரிய ராஜஸ்தான் ஆனது.

தஞ்சாவூர்க்காரர்:

பாட்டைப் பற்றி யாருமே சொல்லவில்லையே! ஜெய்சல்மேர் பக்கத்துக் கிராமத்தில் ஒரு கல்யாணம். மாங்கணியார்கள் வந்திருந்தார்கள். முஸ்லிம்கள், தலைமுறை தலைமுறையாக ராஜபுத்திர வீடுகளுக்குப் பாடுகிறவர்கள். பிறப்பு, கல்யாணம், சாவு, எதுவானாலும் அவர்கள் வந்தாக வேண்டும். கிருஷ்ணன் பாட்டும் பாடினார்கள். கமாய்ச்சா என்ற வில் வாத்தியத்தின் குடத்தில் ஆட்டுத்தோல் போர்த்தியிருக்கிறது; கொஞ்சம் கரகரப்பான, ஈரமான நாதம். கடதாளம் என்பது வெறும் நான்கு மரத்துண்டு. ஒரு பையன் அதை விரலிடுக்கில் வைத்து அடித்த வேகத்துக்கு நம் கஞ்சிராக்காரர்களே தலையாட்டுவார்கள்.

விருத்தாசலத்துக்காரர்:

பொரியலைப் பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு: காய்ந்த சாங்ரியை ராத்திரியே ஊறவைத்து, வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு வதக்க வேண்டும். நான் கால் கிலோ வாங்கி வந்து வீட்டில் செய்தேன். அம்மா தொடவே இல்லை, சாமி மரமாம். அப்பா இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.