விடியற்காலை நாலரை மணிச் சத்தம்

குழு: பெரிய வீடு

அத்தை, காலை 6:05
இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. கண்ணம்மா விட்டுப்போன முயல் பொட்டு இன்றும் நாலரை மணிக்கெல்லாம் கூண்டுக் கம்பியைக் கடித்து உலுக்கத் தொடங்கிவிட்டான். தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு, உள்ளே இருந்த உலர்புல்லையும் புழுக்கையையும் கால்களால் வாரி வெளியே இறைத்திருக்கிறான். அந்த ஈரத்தில் தாத்தா வழுக்கி விழாமல் தப்பியதே பெரிது. எனக்கு இன்று ஒரு வழி சொல்லுங்கள்.

சித்தப்பா, காலை 6:11
நான் முதல் நாளே சொன்னேன், அக்கா. விரும்பி வளர்ப்பவர் யாருக்காவது கொடுத்துவிடலாம்.

நான், காலை 6:14
அப்படிச் சொல்லாதீர்கள், சித்தப்பா. தேர்வு முடிய மூன்று வாரம்தான் இருக்கிறது. முடிந்த மறுநாளே நான் வந்து அழைத்துப் போகிறேன்.

சித்தப்பா, காலை 6:16
நாய்க்குட்டியையும் உன் அப்பா இரண்டு வாரம் என்று சொல்லித்தான் விட்டுப் போனார். அது பதினோரு ஆண்டுகள் இருந்தது. கடைசிவரை பார்த்துக்கொண்டது அக்காதான்.

அப்பா, காலை 6:20
அதை இப்போது எதற்கு இழுக்கிறாய்?

பெரியம்மா, காலை 6:41
எல்லோரும் சற்றுப் பொறுங்கள். எங்கள் வீட்டில் ஒன்பது ஆண்டுகள் முயல் இருந்தது. பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முயல் விடியலிலும் அந்தியிலும்தான் சுறுசுறுப்பாக இருக்கும் பிராணி. நாம் அயர்ந்து உறங்கும் நாலரை மணி அதற்கு மேய்ச்சலுக்குப் புறப்படும் நேரம். அந்த நேரத்தில், இரண்டு தாவலுக்குள் சுவர் வந்துவிடும் கூண்டுக்குள் அடைபட்டுக் கிடந்தால், அது கம்பியைத்தான் கடிக்கும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கம்பியை உலுக்கியதும் யாராவது எழுந்து வந்து தின்ன ஏதாவது போட்டால், உலுக்கினால் ஆள் வரும் என்பதை அது இரண்டே நாளில் கற்றுக்கொண்டுவிடும். நீ சத்தம் கேட்டதும் போய் ஏதாவது கொடுக்கிறாயா, அம்மா?

அத்தை, காலை 6:44
கொடுக்கிறேன், அண்ணி. ஒரு கேரட் துண்டு வைத்தால் தாத்தா மீண்டும் கண் அயரும்வரையாவது அமைதியாக இருக்கிறான்.

தாத்தா, காலை 6:45
நான் கண் அயரவில்லை.

பெரியம்மா, காலை 6:58
அந்தக் கேரட்டை இன்றே நிறுத்திவிடு. அதில் இனிப்பு அதிகம்; முயலின் குடலுக்கு அது ஆகாது. முயல் இரண்டு வகையாகக் கழிக்கும். பகலில் நாம் பார்ப்பது உருண்டையான, காய்ந்த புழுக்கை. மற்றொன்று சிறு திராட்சைக் கொத்துப்போல மென்மையாக இருக்கும். அதை முயல் அப்போதே வாய்வைத்துத் தின்றுவிடும், அப்படித் தின்றால்தான் அதற்குச் சத்து முழுமையாகச் சேரும். இனிப்பு மிகுந்து உலர்புல் குறைந்தால் அந்த மென்புழுக்கை தின்னப்படாமல் தரையிலும் ரோமத்திலும் அப்பிக்கொள்ளும். கூண்டில் கறுப்பாகப் பிசுபிசுப்பாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்.

அத்தை, காலை 7:02
மூன்று நாளாக இருக்கிறது, அண்ணி. நான் அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்துப் பயந்துபோயிருந்தேன்.

அண்ணா, காலை 7:05
அம்மா, கம்பியில் ஏதாவது கசப்பைத் தடவினால் கடிப்பதை விட்டுவிடாதா?

சித்தப்பா, காலை 7:06
அல்லது தண்ணீர் தெளித்து ஒரு அதட்டல் போட்டால் போதும்.

பெரியம்மா, காலை 7:19
இரண்டும் வேண்டாம். கசப்பைத் தடவினால் கம்பியை விட்டுத் தட்டைக் கடிக்கும். கடிக்க வேண்டிய காரணம் அப்படியேதான் இருக்கும். முயலின் முன்பற்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வீதம் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நாள் முழுவதும் புல்லை அரைத்தால்தான் பற்கள் அளவாகத் தேயும். அதட்டலைப் பற்றிச் சொல்வதானால், முயல் பல விலங்குகளுக்கு இரையாகும் பிராணி, தம்பி. அதட்டினால் அது பாடம் கற்றுக்கொள்ளாது. அந்தக் கையைக் கண்டால் ஒளிய வேண்டும் என்பதை மட்டும் கற்றுக்கொள்ளும். பயந்த முயலைப் பிடித்துத் தூக்கும்போது, பின்பகுதியைத் தாங்காமல் விட்டால், அது உதைக்கும் உதையில் அதன் முதுகெலும்பே முறிந்துபோகக்கூடும்.

சித்தப்பா, காலை 7:21
சரி, அண்ணி. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அத்தை, காலை 7:34
[படம்]
இதுதான் இன்றைய நிலை. கழிவுத் தட்டு வலது மூலையில் இருக்கிறது. அவன் அதில் ஏறிப் படுத்துக்கொள்கிறான்.

பெரியம்மா, காலை 7:50
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புழுக்கையும் ஈரமும் பெரும்பாலும் இடது பின்மூலையில்தான் குவிந்திருக்கின்றன. அந்த மூலையை அது தனக்குத் தேர்ந்துகொண்டுவிட்டது. நீயும் தட்டை அங்கேயே மாற்றிவிடு. உலர்புல் கூடையைத் தட்டுக்கு மேலே, எட்டித் தின்னும் உயரத்தில் மாட்டு. முயல் தின்றுகொண்டே கழிக்கும் பழக்கம் உள்ளது என்பதால், புல் இருக்கும் இடத்தில்தான் நெடுநேரம் உட்காரும். தட்டின் விளிம்பு இரண்டு விரல் உயரம்தான் இருக்கிறது. அதனால்தான் வாரி இறைக்கிறது. துணி நனைக்கும் ஆழமான தொட்டி ஒன்றை எடுத்து, ஏறி இறங்க ஒரு பக்கத்தை மட்டும் தாழ்வாக வெட்டிவிடு. அடியில் காகிதத்தைக் கிழித்துப் போட்டு, மேலே ஒரு பிடி புல் தூவு. பூனைக்கென்று விற்கும், ஈரம் பட்டால் கட்டியாகும் மணலை மட்டும் போட்டுவிடாதே. தின்றால் அது குடலை அடைத்துவிடும். ஈரக் காகிதத்தையும் பத்துப் புழுக்கையையும் எடுத்துப் புதிய தட்டில் வைத்தால், அந்த வாசனையே அதற்கு வழிகாட்டும்.

நான், காலை 7:53
கிண்ணத்துக்கு என்ன செய்வது, பெரியம்மா? என்னிடம் இருந்தபோதும் கவிழ்த்துக்கொண்டுதான் இருந்தான்.

பெரியம்மா, காலை 7:55
கனமான பீங்கான் கிண்ணம் வை. பிளாஸ்டிக் கிண்ணம் அதற்கு விளையாட்டுப் பொருள்.

தாத்தா, காலை 8:10
காகிதத்தில் செந்நிறமாக இருந்தது. நேற்றும் பார்த்தேன். சொன்னால் எல்லோரும் பதறுவீர்கள் என்று சொல்லவில்லை.

அப்பா, காலை 8:11
சிறுநீரில் இரத்தமா?

பெரியம்மா, காலை 8:16
இருக்க வேண்டும் என்பதில்லை. தின்னும் செடிகளில் உள்ள நிறமிகளால் முயலின் சிறுநீர் மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாறுவது உண்டு. ஆனால் முக்கினாலோ, சொட்டுச் சொட்டாகப் போனாலோ, தின்னாமல் ஒடுங்கிக் கிடந்தாலோ தாமதிக்கக் கூடாது, மாமா. முயல் பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல் இருந்தாலே அது அவசரம்.

அத்தை, காலை 8:20
தின்பதில் குறையே இல்லை. ஆனால் கேட்க நினைத்த ஒன்று இருக்கிறது. முந்தாநாள் சுத்தம் செய்யக் கையை உள்ளே விட்டபோது உறுமிக்கொண்டு பாய்ந்து என் விரலைக் கடித்தான். நேற்று மாலையிலிருந்து வாய் நிறையப் புல்லை மீசைபோலக் கவ்விக்கொண்டு மூலைக்கும் வாசலுக்குமாக நடக்கிறான். தன் மார்பு ரோமத்தையே பிடுங்கிப் போடுகிறான். பார்க்கவே மனம் கலங்குகிறது. நோயாக இருக்குமோ?

பெரியம்மா, காலை 8:22
அது ஆண்தான் என்று சொன்னது யார்?

நான், காலை 8:23
கொடுத்தவர் அப்படித்தான் சொன்னார்.

பெரியம்மா, காலை 8:36
பெண் முயல் குட்டி போடுவதற்கு முன்புதான் புல்லைக் கவ்வி, மார்பு ரோமத்தைப் பிடுங்கிக் கூடு கட்டும். சிறு வயதில் முயலின் பாலினத்தைத் தவறாகச் சொல்லிவிடுவது சாதாரணமாக நடப்பது. ஆண் முயல் அருகில் இல்லாமலே பொய்ச்சினை வரும். இரண்டரை வாரம்போல இருந்துவிட்டுத் தானே அடங்கிவிடும். அந்த நாட்களில் கூண்டு அதற்கு வெறும் கூண்டு அல்ல, குட்டிகளுக்கான வளை. அங்கே நுழையும் கையைக் கடிக்கத்தான் செய்யும். கோபித்துக்கொள்ளாதே, அம்மா. இனி அதை வெளியே விட்டுவிட்டு, அது இல்லாத நேரத்தில் சுத்தம் செய். கண்ணம்மா, அது வேறு முயலோடு எப்போதாவது இருந்ததா?

நான், காலை 8:38
இரண்டு மாதக் குட்டியாக வந்ததிலிருந்து தனியாகத்தான் இருக்கிறான். இருக்கிறாள். இப்போது ஏழு மாதம் ஆகிறது.

பெரியம்மா, காலை 8:40
அப்படியானால் உண்மையான சினையாக இருக்க வழியில்லை. முயலுக்குச் சினைக்காலம் ஒரு மாதம்தான். கட்டிய கூட்டைக் கலைக்காதே, அம்மா. கலைத்தால் மீண்டும் ரோமத்தைப் பிடுங்கும்.

தாத்தா, காலை 8:47
பெண் பிள்ளையா? இத்தனை நாள் அவளைப் போய்ப் பயலே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணா, காலை 9:02
கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துவிட்டால் இதெல்லாம் குறையும் அல்லவா, அம்மா?

பெரியம்மா, காலை 9:15
பெரும்பாலும் குறையும். இடம் பிடிக்கச் சிறுநீர் தெளிப்பதும் குறையும். பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பையில் புற்றுநோய் வருவது மிக அதிகம் என்பதால், செய்வது அதன் ஆயுளுக்கே நல்லது. முயலுக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய மருத்துவராக இருக்க வேண்டும். ஒன்றை நினைவில் வையுங்கள்: முயலால் வாந்தி எடுக்க முடியாது, எனவே அறுவைச் சிகிச்சைக்கு முன் பட்டினி போடத் தேவையில்லை, போடவும் கூடாது.

தாத்தா, காலை 9:18
இவ்வளவு சிறிய உயிருக்குக் கத்தி வைக்க வேண்டுமா?

அப்பா, காலை 9:30
அதைப் பிறகு பேசுவோம். முதலில் இடத்தைப் பாருங்கள். எவ்வளவு வேண்டும், அண்ணி?

பெரியம்மா, காலை 9:37
பிரிட்டனின் முயல் நல அமைப்பான ராபிட் வெல்ஃபேர் அசோசியேஷன், ஒரு ஜோடி முயலுக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் வேண்டும் என்கிறது. நம் கூண்டு அதில் ஒரு மூலைக்குக்கூட வராது. கூண்டின் கதவைத் திறந்துவைத்து, அதைச் சுற்றி வேலி அடைப்பு போட்டால் போதும். உள்ளே காகிதத் துண்டுகள் நிறைந்த அட்டைப்பெட்டி ஒன்றை வையுங்கள். தோண்டும் ஆசை அங்கே தீரும். மின்கம்பி எதுவும் அதன் வாய்க்கு எட்டக் கூடாது.

அண்ணா, காலை 9:40
என்னிடம் பழைய மடிப்புவேலி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரப் பார்க்கிறேன்.

சித்தப்பா, காலை 9:44
பார்க்கிறேன் என்று சொல்லாதே. நான் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன், எடுத்து வை.

அத்தை, இரவு 8:25
தட்டை இடது மூலைக்கு மாற்றிவிட்டேன். அரை மணி நேரம் மோந்து பார்த்துவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்து புல்லை மென்றாள். இறங்கியதும் பார்த்தேன், புழுக்கை தட்டுக்குள்தான் இருந்தது. அண்ணி, காலையில் உலுக்கினால் நான் போகவே கூடாதா? தாத்தாவை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

தாத்தா, இரவு 8:31
எனக்கு நான்கு மணிக்கு மேல் எப்படியும் உறக்கம் வருவதில்லை. அவள் கடிக்கத் தொடங்குவதற்கு முன்பே நான் கதவைத் திறந்துவிட்டால் என்ன?

பெரியம்மா, இரவு 8:34
அதைவிட நல்ல வழி இல்லை, மாமா. கடிப்பதற்கு முன்பு திறக்க வேண்டும், கடித்த பிறகு அல்ல. நீங்கள் தரை காய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள்.

அப்பா, இரவு 8:50
மருத்துவரிடம் யார் அழைத்துப் போவது?

அத்தை, மறுநாள் காலை 5:20
சத்தம் கேட்கவில்லை என்று பயந்துபோய் எழுந்து வந்தேன். தாத்தா நாற்காலியில் இருக்கிறார். அவள் அவர் காலடியில் நீட்டிப் படுத்திருக்கிறாள். செருப்பு வாரைக் கடித்து வைத்திருக்கிறாள்.